நாலு பாட்டுக்கு ஒரு இடைவேளை

“எழுதி வெச்சுக்குங்க மச்சான். இந்த ராக் குழு இன்னும் ஆறு மாசம் தாங்காது” என்றார் ஓய்வு பெற்ற தபால்காரர்.

கச்சேரி முடிந்து அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் அவருடைய மனைவியின் தம்பி, பல் மருத்துவர். முப்பத்திரண்டு வருடங்களாக இருவருக்கும் முன்வரிசைதான். மாதத்தின் முதல் சனிக்கிழமையை ஒருமுறைகூட விட்டதில்லை.

“ஏன் மச்சான் அபசகுனமா பேசறீங்க?”

“கண்ணால பாக்கறோமே! முன்னெல்லாம் ரெண்டரை மணி நேரம் மூச்சு விடாம வாசிப்பாங்க. இப்ப நாலு பாட்டுக்கு ஒரு இடைவேளை. சாயங்காலம் நாலு மணிக்கே ஆரம்பிச்சு, வெளிச்சம் இருக்கும்போதே மூட்டை கட்டிடறாங்க.”

“வேகமும் போச்சு. அந்த ரயில் பாட்டு இன்னைக்குக் கூட்ஸ் வண்டி மாதிரில்ல ஊர்ந்துச்சு!”

இருவரும் சிரித்தார்கள். தபால்காரரின் சிரிப்பு பாதியிலேயே அடங்கியது. குழு நின்றுவிட்டால் அந்தச் சனிக்கிழமைகளை என்ன செய்வது?

“வாங்க, நேராவே கேட்டுடலாம்.”

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. பாடகர் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ் வாசிக்கும் அவருடைய தங்கை, ஆசை அடங்காமல் மேஜை விளிம்பில் குச்சிகளால் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார்.

“தப்பா நினைக்காதீங்க” என்று தபால்காரர் தொண்டையைச் செருமினார். “குழுவை நிறுத்தப் போறீங்களா? உள்ளதைச் சொல்லிடுங்க. மனசைத் தேத்திக்கறோம்.”

“யாருங்க சொன்னது?”

“யாரு சொல்லணும்? பாத்தாலே தெரியுதே. முன்ன மாதிரி முடியல, இல்ல?”

குச்சிகள் நின்றன. “என்னது, முடியலையா? எங்களுக்கா...”

பாடகர் தங்கையை முந்திக்கொண்டார். “ஆமாங்க, வயசாகுதில்ல? நாலு பாட்டு பாடினாலே மூச்சு வாங்குது. ஆனா நிறுத்த மாட்டோம். நீங்க கொஞ்சம் பொறுத்துக்கிட்டாப் போதும்.”

தபால்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. “நல்லா இருக்கே! பாட்டுக்குப் பாட்டு உக்காந்து எழுந்தாலும் நாங்க வருவோம். அடுத்த மாசமும் முன்வரிசையில எங்க தலை தெரியும்!”

கதவைத் தாண்டியதும் அவர் மைத்துனரிடம் கிசுகிசுத்தது உள்ளே தெளிவாகவே கேட்டது. “பாவம் மச்சான். நாம தாங்கிப் பிடிச்சாத்தான் உண்டு.”

தங்கை வெடித்தார்.

“யாருக்கு மூச்சு வாங்குது? நான் இன்னும் மூணு மணி நேரம் அடிப்பேன்! எழுந்து ஆடறவங்க அஞ்சாவது பாட்டுல நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுத் தவிக்கறாங்கன்னுதானே இடைவேளை விட்டோம்? இருட்டுல வண்டி ஓட்டக் கண்ணு தெரியலன்னுதானே நாலு மணிக்கு வெச்சோம்? கைதட்டல் பின்தங்குதுன்னுதானே நான் வேகத்தைக் குறைச்சேன்? அதைச் சொல்ல வேண்டியதுதானே அண்ணா!”

பாடகர் மிச்ச வெந்நீரையும் குடித்து முடித்தார்.

“நமக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சா, ஐயோ பாவம்னு அடுத்த மாசமும் வருவாங்க. அவங்களுக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னா, வீட்டுலயே உக்காந்துடுவாங்கம்மா.”