முதல் தீபம்

மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது.

வேங்கிக்கால் மாடிகளில் எல்லோரும் அகலில் எண்ணெய் ஊற்றி, கையில் தீப்பெட்டியோடு நின்றார்கள். உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் ஏற்ற வேண்டும். உச்சியே தெரியவில்லை.

சிந்துஜா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சித் தீபத்தை வீடியோ எடுத்து முதலில் ஸ்டேட்டஸில் போடுபவள் குரூப்புக்கு அட்மின். கடைசியாகப் போடுபவளைத் தூக்கிவிடுவார்கள்; ஒரு மாதம் எதுவும் போடாதவளையும். பிளஸ் ஒன் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்த விதி. வினோதினி செய்தாள், மற்றவர்கள் கட்டைவிரல் காட்டினார்கள்.

சிந்துஜாவை ஏற்கெனவே ஒருமுறை தூக்கியிருந்தார்கள். ஆடி மாதம் முழுக்க அவள் எதுவும் போடவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ரூல்னா ரூல்தான் என்றாள் வினோதினி. திரும்பச் சேர்வதற்குள் கார்த்திகை வந்துவிட்டது.

அம்மா அருணாதேவி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் போன ஒரு நாளு தூக்கிக் கெணத்துல போடப் போறேன் பாரு."

வீட்டில் கிணறு கிடையாது. போர்வெல்தான்.

மேகம் விலகுவதாக இல்லை. குரூப்பில் மற்ற நான்கு பேரும் ஆன்லைனில் காத்திருந்தார்கள். சிந்துஜா கேலரியில் மேலே மேலே தள்ளினாள். போன வருஷ வீடியோ கிடைத்தது. இதே மாடி, இதே மலை, மேகம் இல்லாத வானம், உச்சியில் நெருப்பு.

ஸ்டேட்டஸில் போட்டாள்.

பக்கத்து மாடியில் பூஜா போனைப் பார்த்துக் கத்தினாள். "ஏத்திட்டாங்கம்மா! சிந்து போட்டுட்டா!"

பூஜாவின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு முதல் அகலை ஏற்றினாள். அதைப் பார்த்து அடுத்த மாடி ஏற்றியது. அதைப் பார்த்து அதற்கடுத்தது. தெருக்கோடி வரை அரோகரா போயிற்று.

மலையில் இன்னும் ஒன்றும் ஏற்றவில்லை.

சிந்துஜாவுக்கு இதயங்கள் வரத் தொடங்கின. அவள்தான் முதல்.

பூஜா தன் அப்பாவுக்குக் காட்ட சத்தத்தைக் கூட்டினாள். வெடிச் சத்தம், கூட்டத்தின் கூச்சல், அதற்கு நடுவே மிக அருகில் ஓர் ஆண் குரல்.

"சிந்து, போதும், போனக் கீழ வைம்மா. மலையப் பாரு."

எதிர் வீட்டுப் போனிலும் அதே குரல் வந்தது. கொஞ்சம் தாமதமாக இன்னொரு மாடியிலிருந்தும்.

"சிந்து அப்பா ஆதிமூலம் குரலாச்சே," என்றார் பூஜாவின் அப்பா. தீக்குச்சி அவர் விரல் வரை எரிந்தது.

சிந்துஜா அந்த வீடியோவை ஆடி மாதத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறாள். எப்போதும் ம்யூட்டில்.

வினோதினியிடமிருந்து மெசேஜ் வந்தது. "போன வருஷத்துது. சீட்டிங். டெலிட் பண்ணுடி."

சிந்துஜா டெலிட் மேல் விரலைக் கொண்டுபோனாள்.

"அழிக்காத."

தோளில் துணிகளோடு அம்மா பின்னால் நின்றாள்.

"இன்னொரு வாட்டி வை. சத்தமா."

மலையில் மேகம் சிவந்தது. கோயில் பக்கம் வெடி வெடித்தது. தெருவே இரண்டாம் முறை அரோகரா போட்டது.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை விளக்கு இல்லை. அந்த மாடியில் போன் வெளிச்சம் மட்டும் இருந்தது. இரண்டு பேரும் அதன்மேல் குனிந்திருந்தார்கள்.

மலையைப் பார்க்கவில்லை.