வாபஸ் வாங்கிய வழக்கு

ஜெஃப்ரி சொன்ன காரணத்தைச் சத்தியநாதன் இத்தனை வருஷமாக நம்பவில்லை. நம்பாதது சரிதானா என்ற சந்தேகமும் அவரை விட்டபாடில்லை.

சேலையூரில் இருவரும் கூட்டாக ஒரு சின்ன கம்பெனி நடத்தினார்கள். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்திகளைப் பூட்டி வைக்கும் மென்பொருள் எழுதினார்கள். அதை வெளிநாட்டுக்கு விற்க டெல்லி அனுமதி மறுத்தது. ஜெஃப்ரி பெயரில் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள்.

ஜெயிக்கிற நேரத்தில் ஜெஃப்ரி வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்.

"ஏண்டா?"

"நைரோபி கஸ்டமருக்கு ஒரு காப்பி மெயில்ல அனுப்பிட்டேன் மச்சான். சும்மா டெஸ்ட்டுக்கு. அதுவும் எக்ஸ்போர்ட்தானாம். கேஸ் நடந்தா தோண்டுவாங்க. அனுப்பின ஆளு ஜெயிலுக்குப் போகணும்."

"துபாய்ல இருக்குற தம்பிக்கு அதைக் காட்டலாமான்னுகூட வக்கீல்கிட்ட கேட்டவன் நீ! நீயா அனுப்பியிருப்பே? எவ்வளவுடா வாங்கின?"

ஜெஃப்ரி தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனியை மூடினார்கள். பேச்சும் நின்றது.

இப்போது சத்தியநாதனின் மகள் கெசியாவுக்குக் கல்யாணம். படிப்பு முடித்ததும் அந்தக் கம்பெனியில்தான் டெஸ்டிங் வேலை பார்த்தாள்.

"ஜெஃப்ரி அங்கிளை நீங்களே போய்க் கூப்பிடணும்ப்பா."

"அந்தத் துரோகியையா?"

"அவர் வரலேன்னா நான் சர்ச்சுக்குள்ள வரமாட்டேன்."

சத்தியநாதன் பொழிச்சலூரில் ஜெஃப்ரி வீட்டை விசாரித்துப் போனார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகைப் போர்ஷன். ஜெஃப்ரிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"வா மச்சான். நான் லஞ்சம் வாங்கிக் கட்டின பங்களா இதுதான்."

சத்தியநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்திரிகையை நீட்டினார். வாங்கிப் பார்த்த ஜெஃப்ரிக்குக் கண் கலங்கியது.

"மாப்பிள்ளை ஜெர்மனியா? கெசியாவுக்குப் பாஸ்போர்ட், விசா எல்லாம் சிக்கலில்லாம வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஸ்தோத்திரம்" என்று பெருமூச்சு விட்டார்.

சத்தியநாதன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைரோபி கஸ்டமர் பேர் என்னடா?"

"அது... மறந்துபோச்சுடா."

"எந்த மெயில் ஐடில அனுப்பின?"

கூரைக்கு மேலே விமானம் ஒன்று இரைந்துகொண்டு இறங்கியது. அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, சத்தியநாதன் கேட்டார்:

"அனுப்பினது என் பொண்ணு. அவளுக்காகவா, நான் உன்னை ஊரெல்லாம் துரோகின்னு சொல்லிட்டுத் திரிஞ்சப்பகூட வாயைத் திறக்காம இருந்தே?"