கடைசிப் பாட்டில் அந்த அடி

"அக்கா, இதைக் கேளேன். 'வெறும் இரைச்சலை நம்பி வந்த சகோதரிகள், இந்த முறை உயிரை உலுக்கும் ஓர் அடியோடு வந்திருக்கிறார்கள்.' நம்மளைப் பத்தித்தான் எழுதியிருக்காரு."

தங்கை போனை நீட்டினாள். டிரம்ஸின் மேல் காயப் போட்டிருந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை கிதார், அக்கா டிரம்ஸ், மூன்றாவது ஆள் கிடையாது. அவர்களுடைய போன ஆல்பத்தை, 'மாடிப்படியில் அலமாரி உருண்ட சத்தம்' என்று எழுதிய அதே விமர்சகர்தான் இன்று இப்படி உருகியிருக்கிறார்.

"எந்த அடியாம்?"

"கடைசிப் பாட்டுல வருதே, மூணு அடி, கொஞ்சம் நிறுத்தி ரெண்டு அடி. 'பூமிக்குள்ளிருந்து எழும் கோபம்'னு புகழ்ந்திருக்காரு. கேக்கறவங்களும் அதையேதான் சொல்றாங்க. ஒருத்தர் அதை அலாரமா வச்சிருக்காராம். சனிக்கிழமை மேடையில அதை வாசிக்காம நம்மளை இறங்க விடமாட்டாங்க."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்படி ஓர் அடியை அடித்ததாக அவளுக்குத் துளிகூட நினைவில்லை. இதே ஹாலில் பதிவு செய்த அன்று ஸ்டாண்டு உடைந்துபோய், மைக்கைத் தரையிலேயே வைத்துவிட்டு இரண்டு பேரும் பேய் பிடித்த மாதிரி வாசித்தார்கள். அந்த ஆவேசத்தில் கை தானாக அடித்திருக்கும் என்று தனக்குத்தானே ஒரு ஷொட்டு கொடுத்துக்கொண்டாள்.

"இப்ப ஒரு தடவை வாசிச்சுப் பார்க்கலாமா?" என்று குச்சியை எடுத்தாள்.

"ஐயோ, கீழ வை. கீழ் வீட்டு ஆன்ட்டி இன்னொரு தடவை புகார் சொன்னா வீட்டைக் காலி பண்ணணும்னு ஓனர் சொன்னது மறந்துபோச்சா? நமக்கெல்லாம் வேற யாரு வீடு கொடுப்பா?"

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், கீழ் வீட்டு ஆன்ட்டியேதான். முகம் கடுகடுவென்று இருந்தது. அக்கா கையிலிருந்த குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கு நாங்க வாசிக்கவே இல்ல."

"தெரியும். நான் உங்க ஆல்பம் விஷயமா வந்தேன். மருமக காலையிலேருந்து அதைத்தான் வீட்டுல போட்டுட்டு இருக்கா."

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி. சத்தத்தைக் கொறைச்சு வைக்கச் சொல்லுங்க."

"அதை விடு. கடைசிப் பாட்டுல ஒரு அடி வருதே, ஊரே பேசுதாமே. அதை அடிச்சது யாரு?"

பயந்த பயத்திலும் அக்காவுக்குப் பெருமையை அடக்க முடியவில்லை. "நான்தான் ஆன்ட்டி."

ஆன்ட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வரும்போதே கொண்டுவந்து வெளிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தார். அதன் கட்டைப் பக்கத்தை மேலே தூக்கி சீலிங்கில் ஓங்கித் தட்டினார். மூன்று அடி. கொஞ்சம் நிறுத்தி, இரண்டு அடி.

தங்கையின் கையிலிருந்த போன் நழுவி சோபாவில் விழுந்தது.

"சத்தத்தை நிறுத்துங்கடின்னு அன்னிக்குக் கீழேயிருந்து தட்டித் தட்டி எனக்குத் தோள்பட்டையே கழண்டுபோச்சு," என்ற ஆன்ட்டி, கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டார்: "சரி, சனிக்கிழமை அந்த மேடையில எனக்கு சீலிங் எட்டுமா?"