நேர்மையாக ஆளும் கேம்

பிலிமத்தலாவை கம்பியூட்டர் கடையில், நாட்டை ஆளும் கேம் ஒன்று கேட்டார் றெஜினோல்ட்.

"இது நல்லா இருக்கும் சேர்," என்றாள் கடைக்காரி றேணுகா. "நீங்கதான் ஜனாதிபதி. தேர்தல் வேணாம்னா தள்ளிப்போட்டுக்கலாம்."

"சீ! வெக்கங்கெட்ட வேல. நேர்மையா ஆளுற கேம் இருந்தா குடும்மா."

வேறொன்றை எடுத்துக் காட்டினாள். "இதுல தேர்தலத் தள்ளவே முடியாது. தோத்தா வீட்டுக்குப் போகணும்."

"அப்படிச் சொல்லு! இதுதான் ஆட்சி."

அப்போது யாகப்பர் உள்ளே வந்தார்.

"தலைவரே, ஒங்களத்தான் தேடுறேன். நம்ம மரண உதவிச் சங்கத்துக்குத் தேர்தல் வச்சு எத்தன வருசமாச்சு? மழைன்னீங்க, மாதா திருநாள்னீங்க, தள்ளிக்கிட்டேதான் இருக்கீங்க."

றெஜினோல்டின் முகம் சுண்டிப்போனது. றேணுகா குனிந்து, சுத்தமாக இருந்த மேசையையே துடைத்தாள்.

"அடுத்த மாசம் கட்டாயம் வச்சிருவோம் அண்ணே," என்றார் றெஜினோல்ட், தாழ்ந்த குரலில்.

"இனி எதுக்கு? நாங்க எல்லாரும் பக்கத்து ஊர்ச் சங்கத்துல சேந்துட்டோம். அதச் சொல்லத்தான் வந்தேன். சாவு வீட்டுல ஒக்காரப் போடுற சங்கத்துக் கதிரையெல்லாம் ஒங்ககிட்டயே இருக்கட்டும். இப்ப நம்ம ஊர்ச் சங்கத்துல நீங்க ஒருத்தர்தான், தலைவரே."