சிறகில் ஒட்டிய நூல்

கஞ்சமலைப் பக்கம் வெயில் சாய்கிறது. தரையிறங்க வீரபாகு விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்குகிறான். சிறகுகளைப் பிணைத்த கம்பிகள் காற்றில் பாடும். வேகம் குறையக் குறையச் சுருதி இறங்கும், அடங்கினால் விமானம் விழும். காதுள்ளவன் தரையிலிருந்து கண்ணெடுக்க வேண்டியதில்லை. போன மாதக் காய்ச்சலோடு வீரபாகுவுக்கு அந்தப் பாட்டு நின்றுவிட்டது. காது மந்தமானது வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். அதனால் அம்மாவின் தறியிலிருந்து எடுத்த சிவப்பு நூலொன்றை இடச்சிறகின் முதுகில் ஒட்டியிருக்கிறான். காற்று சிறகைத் தழுவி ஓடும்வரை நூல் பின்னால் படிந்துகிடக்கும். மூக்கு அதிகம் நிமிர்ந்தால் காற்று சிறகைவிட்டுப் பிரியும், நூல் எழுந்து முன்னே திரும்பும். ஆனால் நூலைப் பார்க்கிற நொடியில் தரை தெரியாது. இப்போது நூல் துடிக்கிறது. சட்டென்று மூக்கைத் தாழ்த்துகிறான். சக்கரங்கள் பொட்டலில் குதித்து உருள்கின்றன. என்ஜின் அணைந்து காற்றாடியும் நின்றபின், மெக்கானிக் செங்கோடன் ஏறிவந்து அவன் காதோரம் வாய்வைத்துக் கத்துகிறான்: "வலப்பக்கமும் ஒரு நூல் ஒட்டிரட்டுங்களா சாமி?"

வீரபாகு இடச்சிறகின் நூலைத் திரும்பிப் பார்க்கிறான். "எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"நீங்க எல்லார்கிட்டயும் கத்திப் பேச ஆரம்பிச்சீங்களே, அன்னைக்கேங்க."