காவலுக்கு வந்த அண்ணாச்சி

மின்விசிறி உஸ்ஸென்று இரைந்து அடங்கிய அந்தச் சத்தம் தபால் சர்வருக்கு இன்னும் கேட்டது. அதே கணினிக்குள் குடியிருந்த நூலக சர்வர், நினைவகம் போதாமல் மூச்சடைத்து நின்ற நாள் அது. யாரும் கவனிக்கவில்லை.

அதனால், மிச்சமிருந்த தபால் சர்வருக்கும் கடை சர்வருக்கும் காவல் வைக்க, கணினியின் முதலாளி சின்னதும் பெரியதுமாக இரண்டு திறந்தமூல மென்பொருள்களைக் கொண்டுவந்து, "யார் வேண்டும்?" என்று கேட்டபோது உள்ளே ஒரே குதூகலம்.

"எனக்கு ஒரு மூலை போதும். யாராவது நின்றுபோனால் கத்துவேன்," என்றது சின்னது.

"அவ்வளவுதானா?" என்று கடை சிரித்தது. "இந்த அண்ணாச்சியைப் பாருடி, எத்தனை வண்ண வரைபடம்!"

"ஐயோ, என் மூச்சுகூடக் கோடு கோடாத் தெரியுதே! இவரே இருக்கட்டும்!" என்று தபால் துள்ளியது.

அண்ணாச்சி பாதி நினைவகத்தை அடைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே அலறினார்.

"நினைவகம் தீருது! யாரோ அள்ளித் தின்னுறாங்க!"

"விடாதீங்க அண்ணாச்சி, பிடிங்க!" என்று தபாலும் மூச்சு வாங்கக் கத்தியது.

முதலாளி ஓடி வந்தார். காவல்காரரைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவில்லை. இடம் வேண்டுமென்று தபால் சர்வரை அழித்துவிட்டார்.