தொண்ணூற்று நான்கு

“டாக்டரம்மா மூஞ்சியப் பாத்தீங்களா? சிரிச்சாங்களா?” மூன்றாவது தடவையாகக் கேட்டாள் ரத்தினம்மா.

“கதவு மூடிக்கினு கீது. நான் கதவோட மூஞ்சியத்தான் பாத்தேன்,” என்றார் எத்திராஜ்.

அவள் சிரிக்கவில்லை. ஸ்கேன் முடிந்து, திருப்பதி ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தார்கள்.

ரத்தினம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வைத்தியம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேப் ஆள் நகரியில் அவர்கள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போவான். நோய் திரும்புகிறதா என்று காட்டும் அந்த எண் இதுவரை இருபதைத் தாண்டியதில்லை. இந்த முறை தொண்ணூற்று நான்கு. அன்றிலிருந்து எத்திராஜ் தறியை ஓட்டவில்லை.

கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் ரத்தினம்மா.

“சாமிகிட்ட இன்னா பேரம் பேசிக்கினு கீற?”

“கேக்காதீங்க. சொன்னா பலிக்காது.” சற்றுப் பொறுத்து, “ஏங்க, ஸ்கேன்ல எதுவும் தப்பிச்சுடாதே?”

“அம்மாம் பெரிய மிஷினு. எறும்பு இருந்தாலும் காட்டிடும்.”

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மோகனப்ரியா திரையிலிருந்து கண்ணை எடுத்தார். “ஏமீ லேதும்மா. எலும்பு, ஈரல், நுரையீரல் எல்லாம் சுத்தம்.”

எத்திராஜ் டாக்டரைக் கும்பிட்டார்.

“நல்லாப் பாருங்கம்மா,” என்றாள் ரத்தினம்மா. “எங்கனா ஒரு ஓரத்துல…”

“இல்லம்மா. அந்த நம்பர்தான் எனக்குப் புரியல. ரத்தத்த இன்னொரு தடவ பாத்துடலாம்.”

வெளியே வந்ததும் எத்திராஜ் போனை எடுத்தார். “பாகாலாவுல தரணி தவிச்சுக்கினு இருப்பா. மொதல்ல பொண்ணுக்குச் சொல்லிடறேன்.”

ஒரே மணியில் எடுத்துவிட்டாள். பின்னால் குழந்தையின் அழுகை. “நைனா, இன்னா சொன்னாங்க? அம்மாக்கு ஒண்ணும் இல்லயே?”

ரத்தினம்மா போனைப் பிடுங்கி உள்ளங்கையால் இறுக மூடினாள்.

“எனக்கே இருக்கணும்னுதாங்க இத்தினி நேரம் வேண்டிக்கினேன்,” என்றாள். “அன்னிக்கு லேப் ஆளு நாலு தபா குத்தியும் எனக்கு நரம்பு அகப்படல. ‘அம்மாவ வுட்டுடுண்ணா, ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே’ன்னு கைய நீட்டினது, நம்ம ஊட்டுக்கு வந்திருந்த தரணிங்க.”